நிலா அணைஞ்ச பிறகும் தென்னைக்கு நிழல் விழுந்தது

செப்டம்பர் 7-ம் தேதி ஞாயித்துக்கிழமை ராத்திரி எடுத்த சந்திர கிரகணப் படங்களை எப்போ போடுவீங்கன்னு நாலஞ்சு பேர் கேட்டிருந்தீங்க. மஞ்சக்காட்டுல களையும் உரமும் ஒன்னா வந்து சேர்ந்துருச்சு, அதான் தாமதம். எடுத்தது முந்நூறுக்கு மேல, தேறினது பன்னெண்டு. செவப்பு நிலா ரெண்டு மூணு நல்லாவே வந்திருக்கு. ஆனா இந்தப் பத்து நாளா நான் திரும்பத் திரும்ப எடுத்துப் பாக்கறது கெட்டுப்போன ஒரு படத்தை. அதைப் பத்தி எழுதினாத்தான் மனசு ஆறும் போல இருக்கு.

புதுசா வந்தவங்களுக்காகக் கேமரா கதை கொஞ்சம். எங்க தோட்டம் கோபிச்செட்டிபாளையத்துக்கு வடக்கே. களத்துல நின்னு வடக்கே பாத்தா சத்தியமங்கலம் மலை தெரியும். மூணு ஏக்கர் மஞ்சள், மீதி தென்னை, ஓரமா கொஞ்சம் வாழை. நாலு வருஷத்துக்கு முன்னாடி மஞ்சள் வித்த காசுல ஈரோட்டுல ஒரு பழைய கேனான் 1300டி வாங்கினேன், கூட 18-55 லென்ஸ். அடுத்த வருஷம் 55-250 லென்ஸ், அதுவும் பழசு. வீட்டுக்காரி அப்பச் சொன்னது: "இந்தக் காசுக்கு ஒரு கிடாரிக் கன்னு வாங்கிருக்கலாம்." நியாயமான பேச்சு. இன்னிக்கு வரைக்கும் எங்கிட்ட அதுக்குப் பதில் இல்ல.

கிரகணம் எடுக்கணும்ங்கற ஆசை 2018-ல வந்தது. அந்த வருஷம் ஜனவரி 31, தைப்பூசத்தன்னிக்கு நிலா கிளம்பும்போதே கிரகணம் புடிச்சுத்தான் கிளம்புச்சு. பழனிக்கு நடந்து போனவங்க எல்லாம் ரோட்டோரம் நின்னு பாத்தாங்க. நான் போன்ல எடுத்தேன்; பல்லிமுட்டை மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி. அப்புறம் ஜூலை 27 ராத்திரி இன்னொன்னு. இந்த நூற்றாண்டுலயே நீளமான முழு மறைப்பு அதுதான், ஒரு மணி 43 நிமிஷம். ஆனா ஆடி மாசம். காத்து மேகத்தை மலையில இருந்து தள்ளிட்டே இருந்துச்சு, ஒரு மணியில இருந்து மூணு மணி வரைக்கும் முழிச்சிருந்து அஞ்சு நிமிஷம் பாத்திருப்பேன். பக்கத்துல செவ்வாய் வேற செவப்பா நின்னுது. கையில கேமரா இல்லையேன்னு அன்னிக்கு நினைச்சதுதான்.

அதனால இந்தத் தடவை ஒரு மாசம் முன்னாடியே தயாராயிட்டேன். நம்ம நேரப்படி ராத்திரி 9:57-க்கு நிழல் கடிக்க ஆரம்பிக்கும், 11:01-க்கு முழுசா மறையும், 11:41 நட்டநடு, 12:22-க்கு வெளிச்சம் திரும்பும், 1:26-க்கு எல்லாம் முடியும். முழு மறைப்பு மட்டும் 82 நிமிஷம். அம்மா தன் பங்குக்குப் பஞ்சாங்கத்தைப் பாத்து நேரம் சொன்னாங்க. போன்ல இருக்கும்போது பஞ்சாங்கம் எதுக்குன்னு பையன் சிரிச்சான். எனக்குச் சிரிப்பு வரல. 1825-ல ஜான் வாரன்னு ஒருத்தர் பாண்டிச்சேரியில ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைப் பாத்ததை எழுதி வச்சிருக்கார். அந்த மனுசன் சோழிகளைத் தரையில அடுக்கி, மனப்பாடமா வச்சிருந்த சொற்களை வச்சே, மே 31 ராத்திரி வந்த சந்திர கிரகணத்தைக் கணிச்சுக் காட்டியிருக்கார். ஆரம்ப நேரத்துல பிசகு நாலு நிமிஷம். நடுவுல 23 நிமிஷம், முடிவுல 52 நிமிஷம் பிசகிருச்சு, அது வேற விஷயம். காகிதம் இல்லாம, சோழியை வச்சு, ஆரம்பம் நாலே நிமிஷம்! எனக்கு வாய்க்கால் தண்ணி எத்தனை மணிக்கு வரும்னே இப்பவும் அந்தத் துல்லியத்துல தெரியாது.

அன்னிக்குச் சாயங்காலம் வடக்கே மலை மேல மேகம் கட்டியிருந்துச்சு. ஏழரைக்குப் பொட்டுப் பொட்டா தூத்தல். ஒன்பது மணிக்கு மேல விலக ஆரம்பிச்சுது. களத்துல முக்காலியை நட்டேன். அப்பத்தான் முதல் சங்கடம். பதினொன்னரைக்கு நிலா கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல, கொஞ்சம் தெக்கே சாஞ்சு நிக்கும். கேமராவை அப்படி மேல திருப்பினா பின்னாடி இருக்கற திரை தரையைப் பாக்கும். என் கேமராவுல திரையை மடக்கித் திருப்பற வசதி இல்ல. கழுத்தை முறிச்சுத்தான் பாக்கணும். கடைசியில கயித்துக் கட்டிலை இழுத்துட்டு வந்து முக்காலிக்குக் கீழ தலையை வச்சு மல்லாந்து படுத்துட்டேன். வானத்தைப் போட்டோ எடுக்கறதுக்குக் கயித்துக் கட்டிலை விடத் தோதான சாமான் எதுவும் இல்லைங்கறது என் அபிப்பிராயம்.

250 லென்ஸ்ல நிலா எவ்வளவு பெருசா விழும்னு கேப்பீங்க. கேமராவுக்குள்ள இருக்கற சென்சார் 22 மில்லிமீட்டர் அகலம், அதுல நிலா ரெண்டே கால் மில்லிமீட்டர். ஒரு துவரம்பருப்பைத் தபால்தலை மேல வச்ச மாதிரி. பத்திரிகையில வர்ற பெரிய செவப்பு நிலாவெல்லாம் தொலைநோக்கியில மாட்டி எடுத்தது, இல்லேன்னா வெட்டிப் பெருசாக்கினது. வெட்டறது தப்பில்ல, நானும் வெட்டித்தான் போட்டிருக்கேன்.

கிரகணத்துக்கு முந்தி முழு நிலாவை எஃப் 8, ஐஎஸ்ஓ 100, நொடியில 250-ல ஒரு பங்குன்னு வச்சு எடுத்தேன். பளிச்னு வந்துது. ஆட்டோ ஃபோகஸ்ல ஒருதடவை சரியா பிடிச்சுட்டு, அதை அணைச்சு, வளையம் நகராம இன்சுலேஷன் டேப்பைச் சுத்திட்டேன். நீங்க எடுக்கறதா இருந்தா இதை மறக்காதீங்க. முழு மறைப்புல ஆட்டோ ஃபோகஸ் சுத்தமா வேலை செய்யாது, முன்னும் பின்னும் தேடிட்டே கிடக்கும்.

பத்து மணிக்கு மேல கிழக்கு ஓரத்துல கரை புடிச்ச மாதிரி ஆரம்பிச்சு நிழல் ஏறுச்சு. நம்ம பூமியோட நிழல்தான் அது. நல்லாக் கவனிச்சா அந்த நிழலோட விளிம்பு வளைவா இருக்கும், எந்தக் கிரகணத்துலயும் அப்படித்தான் இருக்கும். பூமி உருண்டைங்கறதுக்கு அரிஸ்டாட்டில் சொன்ன சாட்சியங்கள்ல இது ஒன்னு. சந்திரனை மறைக்கறது பூமியோட நிழல்தான்னு ஆர்யபட்டரும் எழுதி வச்சார். இவ்வளவு பழைய விஷயத்தை நாம இன்னும் வீட்டுக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டுக் கொண்டாடறோம். சரி, அது இன்னொரு நாள் சண்டை.

11:01. முழுசா மூடுச்சு. செவப்புன்னா ரத்தச் செவப்பு இல்ல, செங்கல் சூளையில ஓரமா இருக்கற செங்கல் நிறம். கேமராவுல எஃப் 5.6, ஐஎஸ்ஓ 1600, ஒரு முழு நொடி. அதுக்கு மேல வச்சா பூமி சுத்தறதுல நிலா இழுபட்டு நெளிஞ்சிரும். இப்போ கணக்குப் போட்டுப் பாருங்க. நேரம் 250 மடங்கு, ஐஎஸ்ஓ 16 மடங்கு, லென்ஸ் துவாரம் ரெண்டு மடங்கு. பெருக்கினா எட்டாயிரம். ஒரு மணி நேரத்துக்கு முந்தி இருந்த அதே நிலாவை எடுக்க எட்டாயிரம் மடங்கு அதிகமா வெளிச்சம் வாங்க வேண்டியிருக்கு. நம்ம கண்ணு கொஞ்சம் கொஞ்சமாப் பழகறதால இது தெரியறதில்ல, கேமரா மறைக்காமச் சொல்லிருது.

இந்தச் செவப்பு எங்கிருந்து வருதுன்னா, பூமியைச் சுத்தி இருக்கற காத்து மண்டலம் வழியா வளைஞ்சு போற வெயில். நீல வெளிச்சம் காத்துல சிதறிப் போயிரும், செவப்பு மட்டும் தப்பிச்சுப் போய் நிலா மேல விழும். அந்த நேரத்துல உலகத்துல எங்கெங்கே சூரியன் உதிக்குதோ, மறையுதோ, அத்தனை ஊரு செவ்வானமும் சேர்ந்து நிலாவுல விழுதுன்னு வச்சுக்கலாம். காத்துல தூசி அதிகமா இருந்தா நிலா இன்னும் கறுக்கும். 1991-ல பிலிப்பைன்ஸ்ல பினதுபோ எரிமலை வெடிச்சதுக்கு அடுத்த வருஷம் டிசம்பர்ல வந்த கிரகணத்துல நிலா ரொம்பவே இருண்டு போச்சு. ஆந்த்ரே தான்ஷோன்ங்கற பிரெஞ்சு வானியல்காரர் 1921-லயே இதுக்குப் பூஜ்யத்துல இருந்து நாலு வரைக்கும் மார்க் போட ஒரு வழி சொல்லியிருக்கார். என் களத்துல நின்னு பாத்ததுக்கு நான் ரெண்டு போட்டேன். நீலம் சிதறும், செவப்பு தப்பிக்கும்ங்கறதை ஞாபகம் வச்சுக்குங்க, மறுபடியும் அதுகிட்ட வரேன்.

பதினொன்னு பத்துக்கு ஒரு மேகம் வந்து பதினஞ்சு நிமிஷம் மூடிருச்சு. அப்போ அம்மா கதவைத் திறந்துட்டு வந்தாங்க. கிரகண நேரத்துல வெளிய வராதவங்க. "ஏங்கண்ணு, கரண்டு போயிருச்சா?"ன்னு கேட்டாங்க. போகல. வெளிய அவ்வளவு இருட்டா இருந்ததைப் பாத்துக் கேட்ட கேள்வி. மேகம் விலகினதும் அண்ணாந்து பாத்துட்டு, "பௌர்ணமியில அமாவாசை வந்த மாதிரி இருக்கு"ன்னாங்க. அப்புறம் கட்டில் ஓரத்துல உக்காந்து, அந்தக் காலத்துல முறைத்தண்ணிக்குப் போறப்ப அரிக்கேன் விளக்கைத் துண்டால மூடித்தான் எடுத்துட்டுப் போவாங்கன்னு சொன்னாங்க. வெளிச்சம் நேரா கண்ணுல பட்டா அந்தாண்ட வரப்பு தெரியாதாம். நான் அரைக் காதுலதான் கேட்டுட்டிருந்தேன், கை கேமராவுல இருந்துச்சு.

அம்மா சொன்ன அந்த அமாவாசைதான் சந்திர கிரகணத்துல எனக்குப் பெரிய விசேஷம். சாதாரணமா பௌர்ணமியன்னிக்கு நட்சத்திரம் எடுக்க முடியாது, நிலா வெளிச்சம் வானத்தையே வெளுத்துரும். கிரகணத்தன்னிக்கு மட்டும் ஒரே ராத்திரிக்குள்ள, ஒரு மணி நேரத்துல, வெளுத்த வானம் இருண்டு, ஒன்னொன்னா நட்சத்திரம் மேல வரும். கிழக்கே தள்ளிச் சனி, வடக்கே டபிள்யூ எழுத்து மாதிரி இருக்கற காசியோப்பியா, அது பக்கத்துல ஆண்ட்ரோமேடா மண்டலம் ஒரு பஞ்சு மாதிரி. அந்தப் பஞ்சுல இருந்து வெளிச்சம் கிளம்பி 25 லட்சம் வருஷம் ஆச்சு. மேக்கே இருந்து வடக்கே வரைக்கும் பால்வீதி. இதை எடுக்கத்தான் 18-55 லென்ஸை மாத்தி, மலையைப் பாத்து முக்காலியைத் திருப்பினேன். கீழ மஞ்சக்காடு, நடுவுல வரிசையா தென்னை, மேல பால்வீதி. மனசுல ஒரு மாசமா வச்சிருந்த படம். 20 நொடி, ஐஎஸ்ஓ 3200. கிளிக்.

திரையில பாத்தா தென்னைக்கு நிழல் விழுந்திருக்கு.

நிலா அணைஞ்சு கிடக்கு. அது வெளிச்சமா இருந்தாலும் உச்சியில நிக்கற நிலாவுக்கு நிழல் மரத்தடியிலயே கிட்டத்துல விழும். இது நீள நீளமா, வடக்கே பாத்து, மஞ்சள் இலை மேலயெல்லாம் கோடு போட்ட மாதிரி கிடந்துது. நடுவுல கட்டில் நிழல். அதுல உக்காந்திருக்கற அம்மா நிழல். முக்காலி பக்கத்துல நிக்கற என் நிழல். திரும்பிப் பாத்தேன். தெக்கே நானூறு மீட்டர் தள்ளி, நாலு ரோட்டுல, போன தை மாசம் போட்ட ஹைமாஸ் லைட்டு. எட்டு விளக்கு, வெள்ளை வெளேர்னு. எட்டு மாசமா தினமும் எரியுது. அது என் மஞ்சக்காடு வரைக்கும் வந்து விழுதுன்னு எனக்கு அன்னிக்குத்தான் உறைச்சுது. மத்த நாள்ல நானும் களத்து பல்பைப் போட்டு வச்சிருப்பேன், எப்படித் தெரியும்?

தெக்கே திருப்பி எடுத்த படம் இன்னும் மோசம். அடிவானத்துல இருந்து மேல வரைக்கும் பால் கொட்டின மாதிரி வெளுப்பு.

இதை மறுநாள் பக்கத்துத் தோட்டத்து அக்காகிட்டப் புலம்பினேன். அவங்க வீட்டுக்காரரை 2019-ல ராத்திரி தடத்துல கட்டுவிரியன் கடிச்சு, மூணு நாள் ஆஸ்பத்திரியில கிடந்து பொழைச்சு வந்தார். அவங்க மக மில்லு வேலை முடிஞ்சு பத்தே முக்காலுக்கு நாலு ரோட்டுல இறங்கும். அக்கா என்னை ஏற இறங்கப் பாத்துட்டு, "உனக்கு நட்சத்திரம் வேணும் தம்பி, எனக்கு எம்புள்ள பத்திரமா வந்தாப் போதும்"னாங்க.

வாய் அடைச்சுப் போச்சு. இதை எழுதறதுக்குப் பத்து நாள் ஆனதுக்கு மஞ்சள் களை பாதிக் காரணம், அக்கா பேச்சு மீதிக் காரணம்.

டவுன்ல இருந்து வர்றவங்க எங்க களத்துல நின்னு "ஆஹா, என்ன ஒரு இருட்டு, இப்படியே வச்சுக்குங்க"ன்னு சொல்லிட்டுப் போவீங்க. சொல்றது சுலபம். அந்த இருட்டுல நடக்கறது நாங்க. மூணு முனைக் கரண்டு ராத்திரி வந்தா மோட்டார் போட இந்த வரப்புலதான் போகணும். எங்க ஊருக்கு லைட்டு வேண்டாம்னு நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். லைட்டு இல்லாம இருந்த காலத்தை நல்ல காலம்னு சொல்றவங்க அந்தக் காலத்துல பாம்புக்கடிக்குச் செத்தவங்க வீட்டுல போய்ச் சொல்லட்டும்.

ஆனா ஒன்னு. அக்கா பேச்சை மனசுல வச்சுக்கிட்டு ஒரு ராத்திரி பத்தே முக்காலுக்கு நாலு ரோட்டுக்குப் போய், அந்தப் புள்ள நடக்கற தடத்துலயே நானும் நடந்து பாத்தேன். லைட்டுக்கு அடியில பட்டப் பகல். ஊசி விழுந்தா எடுக்கலாம். தடத்துல திரும்பினா முதல் நூறடி சரி. அப்புறம் வேலி மறைச்சிருது, தரை கறுப்பு. சும்மா கறுப்பு இல்ல, கண்ணுல அந்த வெள்ளை வெளிச்சம் ஒட்டிக்கிட்டு இருக்கறதால கூடுதல் கறுப்பு. கண்ணு இருட்டுக்கு முழுசாப் பழக இருவது முப்பது நிமிஷம் ஆகும். தடமே அஞ்சு நிமிஷ நடைதான். அதாவது விரியன் கிடந்தா மிதிக்கறதுக்குத் தோதான இடத்துல, தோதான நிலைமையில அந்தப் புள்ளையைக் கொண்டு வந்து விடுது நம்ம ஹைமாஸ். அம்மா சொன்ன துண்டு போட்ட அரிக்கேன் அப்பத்தான் ஞாபகம் வந்துது.

நாலு ரோட்டுல நிக்கற அந்த வெளிச்சத்துல பாதி ரோட்டுக்கே வரல. பக்கவாட்டுல போய் என் மஞ்சளுக்கும் தென்னைக்கும் விழுது, மேல போய் வானத்துக்கு விழுது. நாம கட்டற கரண்டு பில்லு அது. விளக்கைக் கீழ்ப்பாக்கத் திருப்பி, மேல ஒரு தகரத் தொப்பி போட்டா, குறைஞ்ச வாட்டுலயே ரோடு இதே அளவுக்குத் தெரியும். அந்த மிச்சத்துல தடத்துக்கு ஆளுயரத்துக்குக் கொஞ்சம் மேல, சின்னதா, மூடி போட்ட விளக்கு வரிசையா வச்சுட்டா அந்தப் புள்ள வீடு வரைக்கும் தரையைப் பாத்து நடந்து வரும். எனக்கும் அக்காவுக்கும் சண்டையே இல்ல. நாங்க ரெண்டு பேரும் கேக்கறது ஒரே விளக்கைத்தான், அதை எங்கே வைக்கறதுங்கறதுதான் பேச்சு.

அப்புறம் நிறம். முன்னாடி இருந்தது மஞ்சள் சோடியம் விளக்கு. இப்போ வெள்ளை எல்இடி. வெள்ளையா இருந்தாத்தான் முன்னேற்றம்னு ஊருக்குள்ள ஒரு நினைப்பு, கல்யாண மண்டபத்துல இருந்து கோயில் வரைக்கும். வெள்ளை எல்இடியில நீலப் பங்கு அதிகம். நீல வெளிச்சம் காத்துல சிதறும்னு மேல சொன்னேன் பாருங்க, அதேதான். நிலாவைச் செவப்பாக்கற அந்தச் சிதறல்தான் நாலு ரோட்டு விளக்கை வானம் பூராவும் பூசி விடுது. அதே எல்இடியிலயே மஞ்சள் வகை கடையில கிடைக்குது. நான் மோட்டார் ரூம்லயும் களத்துலயும் மாத்திட்டேன். களத்து பல்புக்குப் பழைய எண்ணெய் டின்னை வெட்டித் தொப்பி போட்டிருக்கேன். பாக்க நல்லா இல்லதான். மாடு கட்டற இடம் முன்னைவிட நல்லாத் தெரியுதுன்னு வீட்டுக்காரியே சொல்லியாச்சு.

விவசாயிகளுக்கு இன்னொரு கணக்கும் இருக்கு. பூச்சியைப் பிடிக்க வயல்ல விளக்குப் பொறி வைக்கறோம். சாயங்காலம் போட்டு ராத்திரி பத்து மணிக்கு அணைச்சிருங்க, அதுக்கு மேல நல்லது செய்யற பூச்சியும் வந்து விழும்னு வேளாண் அலுவலர்கள் சொல்லித்தான் கொடுப்பாங்க. ஹைமாஸ் லைட்டு விடிய விடிய எரியற விளக்குப் பொறி. அடியில தண்ணிச் சட்டிதான் இல்ல. காலையில பால் ஊத்தப் போறப்ப நாலு ரோட்டுல பாருங்க, பெருக்கி அள்ளற அளவுக்குப் பூச்சி கிடக்கும். வாய்க்கால் ஓரத்து மின்மினியை இந்த வருஷம் நான் பாக்கவே இல்ல. அதுக்கு மருந்தடிக்கறதும் காரணமா இருக்கலாம், பழி முழுசையும் விளக்கு மேல போட மாட்டேன்.

லடாக்குல ஹான்லேயில இருட்டைக் காப்பாத்தணும்னே ஒரு பகுதியை ஒதுக்கி, வீட்டு விளக்குக்கெல்லாம் மூடி போட்டிருக்காங்க. மகாராஷ்டிராவுல பெஞ்ச் புலிக் காப்பகமும் 2024-ல அந்த மாதிரி அங்கீகாரம் வாங்கிருச்சு. நல்லதுதான். ஆனா இருட்டு என்ன புலியா, காப்பகத்துல மட்டும் வச்சுப் பாக்கறதுக்கு? எங்க ஊர்ல போன வருஷம் வரைக்கும் அது சும்மா கிடந்துது, யாரும் ஒதுக்கி வைக்கல.

நகரத்துல இருக்கற உங்களுக்கு ஒன்னு. நிலாவை மட்டும் எடுக்கணும்னா ஊருக்கு ஓடி வர வேண்டியதே இல்ல. மொட்டை மாடி போதும். தெருவிளக்கு நிலாவை ஒன்னும் பண்ணாது; முழு மறைப்புல கூட ஒரு நொடி படத்துக்குச் சென்னை வானம் தாங்கும். மேகம்தான் எதிரி. இடுக்கி வச்ச மாதிரி நிக்கற முக்காலி, கை படாம எடுக்க ரெண்டு நொடி டைமர், கூட ஒரு பேட்டரி. நான் கூட ஒரு பேட்டரி எடுத்து வைக்காம 12:10-க்கு மோட்டார் ரூம் பிளக்குக்கு ஓடினேன், வெளிச்சம் திரும்பற அந்த முதல் நொடி எனக்குக் கிடைக்கல. மொட்டை மாடியில கிடைக்காதது ஒன்னே ஒன்னுதான். நிலா அணைஞ்சதும் வானம் எழுந்திரிக்கறது. அதுக்கு அணைஞ்ச ஊர் வேணும்.

வர்ற மார்ச் 3-ம் தேதி ஒரு கிரகணம் இருக்கு. ஆனா இங்க நிலா கிளம்பறதுக்குள்ள முழு மறைப்பு முடிஞ்சிரும், கடைசித் துண்டுதான் நமக்கு. ஆரம்பத்துல இருந்து முடிவு வரைக்கும் முழுசா வேணும்னா 2028 டிசம்பர் 31 ராத்திரி. பத்தே கால், பத்தரைக்கு நட்டநடு. புது வருஷ ராத்திரி! ஊர்ல ஒரு பல்பு பாக்கி இல்லாம எரியற ராத்திரி. ஆனா கிழக்கே நல்ல உயரத்துல நிலா இருக்கும், பக்கத்துல ஓரியன் நிக்கும், மார்கழிப் பனி மட்டும் கருணை காட்டணும். என் களமும் கட்டிலும் தயாரா இருக்கும். வர்றவங்க டார்ச்சுக்கு மேல சிவப்புக் காகிதம் ஒட்டிக்கிட்டு வாங்க.

அக்டோபர் 2 கிராம சபைக்கு ஒரு மனு எழுதி வச்சிருக்கேன். ஹைமாஸுக்குத் தொப்பி, கடைசி பஸ் போன பிறகு எட்டுல ஆறை அணைக்கறது, தடத்துக்குச் சின்ன விளக்கு. அந்தத் தெக்குப் பக்கத்துப் படத்தையும் பெருசா பிரிண்ட் போட்டுச் சேத்திருக்கேன். ஊராட்சி கிளார்க் அதைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "நம்ம ஊரு லைட்டு நல்லாத்தானுங்க தெரியுது"ன்னார். அக்காகிட்டக் கையெழுத்துக் கேட்டேன். மனுவுல தொப்பி முதல்லயும் தடத்து விளக்கு கடைசியிலயும் இருந்ததைப் பாத்துட்டு, "இதை மாத்தி எழுதிட்டு வா"ன்னாங்க. மாத்திட்டேன். போட்டாங்க.

படங்கள் கீழ இருக்கு. அஞ்சாவது படத்துல தென்னை வரிசைக்கு வலது பக்கம் கட்டிலோட தெரியற நிழல் எங்க அம்மா.